ஸ்பீக்கருக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டு லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த விஜயதசமிக் காலையில் எட்டேகால் மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் அந்தப் பழியை என் கணவர் தலையில் கட்டி, மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். பாவம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அது அவருடைய பண்டிகை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். தெலுங்கு பேசும் இந்த ஊரில், நாச்சாரத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. அல்வாலில் இருக்கும் எங்கள் இரண்டு ரூம் வீட்டில் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது. ஸ்பானர் செட், ஸ்க்ரூடிரைவர்கள், பைக் சாவி, மிக்ஸி, மகளின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் என்று எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். எல்லாவற்றுக்கும் பொட்டு. அடுத்த நாள் காலை மறுபூஜை முடியும் வரை எதையும் தொடக் கூடாது. மகளுக்கு அந்த ஒரு நாள்தான் சொர்க்கம், புத்தகத்தைத் திறக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்த முறை லேப்டாப்பை நான் வைத்தேன், அதுவும் நட்டநடுவில். அடுத்த நாள் பதினொன்றரை மணிக்கு அதில்தான் எனக்குப் பரீட்சை.

நாற்பத்திரண்டு வயதில் என்ன பரீட்சை என்று கேட்காதீர்கள், என் மாமியார் ஏற்கெனவே கேட்டுவிட்டார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, ஆஸ்பத்திரிகளுக்காகப் போனில் மொழிபெயர்க்க ஆள் தேடியது. நோயாளி தன் பாஷையில் பேசுவார், டாக்டர் இங்கிலீஷில் பேசுவார், நடுவில் நாம் இருந்து இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். நான் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா வடாற்காட்டிலிருந்து இங்கே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் உருது. எல்லா வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்ததால் என் வாயில் எல்லாமே ஒன்றாகக் கலந்துதான் வரும்.

அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்குக் கல்யாணத்தன்றைக்குத்தான் தெரிந்தது. பொள்ளாச்சியில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் முறை பாயசம் ஊற்ற வந்தார்கள். நான் இலை மேல் கையை வைத்து, "நக்கோ நக்கோ" என்றேன். வேண்டாம் என்று அர்த்தம். பந்தியே திரும்பிப் பார்த்தது. "ஏப்பா, இந்திக்காரப் புள்ளையவா கட்டிட்டு வந்தே?" என்று யாரோ ஒரு பெரியம்மா கேட்க, எல்லோரும் சிரிக்க, அந்தப் பாயசக் கதை பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு விசேஷத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணவர் சிரிக்கவில்லை என்றாலும், அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் பஸ்ஸிலேயே மெதுவாகச் சொல்வார், "அம்மிணி, அங்க போயி அந்த ஹவ், நக்கோ எல்லாம் வேண்டாம், சரியா?" ஹவ் என்றால் ஆமாம், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை கேட்டுப் போனாலும் அதே பாட்டுதான். இரண்டு பள்ளிக்கூடத்தில் என் தமிழ் சுத்தமில்லை என்றார்கள். ஒரு ஆபீஸில் இந்தி சரியில்லை என்றார்கள். தெலுங்கு பேசத்தான் தெரியும், எழுத வராது. காதையும் வாயையும் மட்டும் கேட்ட முதல் வேலை இதுதான். அடுத்த தடவை எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாதாம். நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றதும், விஜயதசமியாச்சே, நல்ல நாளாச்சே என்று நான்தான் அந்த நாளைப் பிடித்துப் போட்டேன்.

விதிகள் கறாரானவை. எந்த லேப்டாப்பைப் பதிவு செய்தோமோ அதில்தான் எழுத வேண்டும். காதில் எதுவும் மாட்டக் கூடாது, யாராவது ரகசியமாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். வெளி ஸ்பீக்கரும் கூடாது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும்.

அந்த லேப்டாப்பில் கீபோர்டுக்கு இரண்டு பக்கமும் பொடிப்பொடியாய் ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அதுதான் ஸ்பீக்கர். பூஜையன்று பார்த்தால், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி அவ்வளவு லட்சணமாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்தேன், நடுவில் குங்குமம். கொஞ்சம் மெல்லிசாகத் தெரிந்தது. பரீட்சையாச்சே என்று மேலே இன்னொரு பூச்சும் பூசினேன். வைத்தவள் நானேதான், ஆனால் காலையில் அந்த நினைவே இல்லை.

காலையில் மறுபூஜை முடிந்து, கற்பூரம் காட்டி, எல்லாவற்றையும் எடுத்தோம். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கேஸ் அடுப்பு என்று பொட்டையெல்லாம் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள், அதே துணியால் அதே வேகத்தில் லேப்டாப்பையும் ஒரு தேய் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. திருப்தியாக இருந்தது. திறந்து, பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு பேச்சைப் போட்டேன்.

யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. வலப்பக்கம் முணுமுணு, இடப்பக்கம் கரகர. சத்தத்தை முழுக்க ஏற்றினேன். கரகர இன்னும் அதிகமானது.

"என்னாங்க! இன்னா பண்ணி வச்சிருக்கீங்க இதுல? உங்க விபூதி, குங்குமம் எல்லாத்தையும் கொட்டி அடைச்சிட்டீங்களே! கைக்கு இப்டி பண்றீங்க?"

கைக்கு என்றால் ஏன், கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும். அவர் காபி டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். நான் கத்துவதை நிறுத்தும் வரை காத்திருந்துவிட்டு, "இதுக்குப் போயி இப்படித் தாவுறயே அம்மிணி. என்ற ஃபேக்டரில மெஷின் மேல இதைவிட எத்தனை அழுக்கு. காத்துப் பைப்பை வெச்சு ஒரே அடி, போயிரும்" என்றார்.

"ஃபேக்டரி பூட்டியிருக்கு. தசரா."

"அட, நம்ம வண்டிக்குக் காத்தடிக்கிற பம்பு இருக்குதில்ல?"

சொல்லிவிட்டு நிஜமாகவே மாடிப்படிக்கு அடியிலிருந்து கால் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு ஊசி முனையை வேறு மாட்டினார். மகள் ரூமிலிருந்து ஓடி வந்து லேப்டாப்பை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள். எங்கள் மகளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. "வத்து டாடீ, வத்து! ஸ்பீக்கர் போத்துந்தி!" வேண்டாம், ஸ்பீக்கர் போய்விடும் என்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, "மம்மீ, நுவ்வே பெட்டாவு கதா சந்தனம்! ஃபோட்டோ உந்தி" என்றாள். நீதானே வைத்தாய், போட்டோ இருக்கிறது. போனில் காட்டினாள். நான், பட்டுப் புடவையில், பல்லெல்லாம் தெரிய, இரண்டாவது பூச்சு பூசிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது மணி ஒன்பது. நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

அல்வாலில் எங்களுக்குத் தெரிந்த லேப்டாப் மெக்கானிக் ஒருவர்தான். கடை பூட்டியிருந்தது. பலகையில் எழுதியிருந்த நம்பரை மகள் எப்போதோ சேமித்து வைத்திருந்தாள், கூப்பிட்டால் எடுத்துவிட்டார். வரங்கலில் சொந்தக்காரர் கல்யாண வீட்டில் இருக்கிறாராம். பின்னால் ஒரே இரைச்சல், பாத்திரச் சத்தம். நான் அழுதுகொண்டே அவருடைய தக்கனியில், அதாவது இந்த ஊர் உருதுவில், விஷயத்தைச் சொன்னேன்.

"கைக்கு ரோத்தே மேடம்? பானி டாலே க்யா?"

ஏன் அழுகிறீர்கள், தண்ணீர் ஊற்றினீர்களா என்கிறார். இல்லை, ஈரத் துணியால் துடைத்தேன் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"பஸ். அப் ஹாத் நக்கோ லகாவ். பந்த் கரோ, சார்ஜர் நிகாலோ, சூக்னே தேவ். ஆதா கண்டா."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினேன். "கையே வைக்கக் கூடாதாம். ஆஃப் பண்ணி, சார்ஜரைப் புடுங்கி, அரை மணி நேரம் காய விடணுமாம். ஈரமா இருக்கிறப்போ தேய்ச்சா இன்னும் உள்ளே போயிடுமாம், காஞ்சா பொடியா உதிர்ந்துடுமாம்." மகளிடம், "ஆஃப் சேசி ஃபேன் கிந்த பெட்டு, ஆரனிவ்வு" என்றேன். ஆஃப் செய்து ஃபேனுக்கு அடியில் வை, காயட்டும். அவள் வைத்தாள்.

ஹேர் டிரையர் காட்டலாமா என்று மகள் கேட்டாள், நான் அவருக்குச் சொன்னேன். சூடு பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய தாள் சுருங்கிவிடும், நக்கோ என்றார். வாயால் ஊதலாமா என்று இவர் கேட்டார். எச்சில் போகும், நக்கோ. பம்பு? அந்த மனிதர் கல்யாண வீடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார், "அரே நக்கோ மேடம்! பர்தா ஃபட் ஜாத்தா!" உள்ளே இருக்கிற தாள் கிழிந்துவிடுமாம். நான் அதே குரலில் இவரிடம் கத்தினேன். இவர் பம்பைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

அரை மணி நேரம் சும்மா இருப்பது எனக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என் வீட்டில் கேட்டால் தெரியும். கொதிக்கிற பாலையே முறைத்து முறைத்துப் பொங்க வைக்கிறவள் நான். ஃபேனுக்கு அடியில் லேப்டாப் படுத்திருக்கிறது, நான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒன்பதே கால். ஒன்பது இருபது. ஒரு தடவை தொட்டுப் பார்க்கக் கை போனது, மகள் பட்டென்று அடித்தாள். கணவர் வடைக்கு அரைத்து வைத்த மாவை எடுத்துச் சுட ஆரம்பித்தார். கோபத்திலும் எனக்குப் பசித்தது, நான்கு வடை சாப்பிட்டேன்.

ஒன்பதரைக்கு மெக்கானிக்கே திரும்பக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். "சூக் கயா?" காய்ந்துவிட்டதா?

"ஹவ் பாய், ஹவ்!"

மெத்தென்ற பிரஷ் வேண்டும், புதுசாக, எண்ணெயோ ஈரமோ படாததாக. வீட்டில் இருந்ததெல்லாம் தோசைக்கு எண்ணெய் தடவுகிற பிரஷும், இவருடைய பெயிண்ட் பிரஷும். மகள் உள்ளே போய், பிறந்தநாளுக்கு வாங்கி இன்னும் உறை பிரிக்காமல் வைத்திருந்த மேக்கப் பிரஷைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள், ஆனாலும் கொடுத்தாள். என் செல்லம்.

"உல்டா பகடோ" என்றார் மெக்கானிக். "தலைகீழாப் புடிங்க" என்றேன் இவரிடம். ஓட்டைகள் தரையைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் உதிர்கிற தூள் உள்ளே போகாமல் கீழே விழும். கூடாரம் மாதிரி பாதி விரித்து இவர் லேப்டாப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். மகள் போன் வெளிச்சத்தைக் கீழிருந்து அடித்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு துடைத்தேன். அழுத்தாமல், ஒரே பக்கமாக, மெதுவாக. முதலில் ஒன்றும் விழவில்லை. பிறகு மஞ்சளாக ஒரு தூள் என் மூக்கின் மேல் விழுந்தது. அடுத்தது சிவப்பு. குங்குமம்! "வருதுங்க! வருது!" என்று கத்தினேன். வாயிலும் கொஞ்சம் போனது.

காய்ந்து ஏடாகப் பிடித்திருந்ததை மரக் குச்சியால் எடுக்கச் சொன்னார், பல் குத்துகிற குச்சி. ஊசி, குண்டூசி எதுவும் நக்கோ. குச்சியையும் ஓட்டைக்குள் குத்தக் கூடாது, படுக்க வைத்த மாதிரி சாய்த்து மேலாக மட்டும் நெருட வேண்டும். பிறகு பெயிண்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஓட்டைகள் மேல் மெல்ல ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அந்த டேப் இவருடைய பெட்டியில் இருந்தது, நேற்று அதற்கும் பொட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு ஒற்றுக்கும் புள்ளிப் புள்ளியாய்ச் சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் தக்கனியில் சொல்லச் சொல்ல, நான் மூச்சு விடாமல் இவருக்குத் தமிழிலும் அவளுக்குத் தெலுங்கிலும் சொல்லி, இவர்கள் கேட்கிற கேள்வியை அவருக்குத் திருப்பிச் சொல்லி, நடுவில் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

திடீரென்று மகள் சிரித்தாள். "மம்மீ, நுவ்வு இப்புடு சேஸ்துன்னதே கதா எக்ஸாம்!"

நீ இப்போது செய்துகொண்டிருப்பதுதானே பரீட்சை. எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் இன்னும் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

பத்தேமுக்காலுக்கு ஆன் செய்தோம். பயிற்சிப் பேச்சு எங்கே இருக்கிறது என்று தேடப் பொறுமையில்லை, மகள் கைக்குக் கிடைத்த இயற்பியல் வகுப்பு வீடியோ ஒன்றைப் போட்டாள். வலப்பக்கம் கணீரென்று வந்தது. இடப்பக்கம் இன்னும் லேசாகக் கரகர. திரும்ப ஆஃப், திரும்பச் சார்ஜரைப் பிடுங்கி, திரும்பத் தலைகீழ். இவர் மறுபடி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஓரத்து ஓட்டையில் மிளகில் பாதி அளவுக்கு ஒரு சந்தனக் கட்டி, இரண்டாவது பூச்சின் மிச்சம், டேப்பில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. திரும்ப ஆன் செய்தோம்.

அந்த இயற்பியல் வாத்தியார் உராய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை இருமினார். அந்த இருமல் கூட அவ்வளவு துல்லியம்! நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். கேட்டதா, கேட்டதா என்று போனில் மெக்கானிக் தன் பாஷையில் கத்துகிறார். நான் லேப்டாப்பின் பக்கத்தில் போனைப் பிடித்தேன். வரங்கல் கல்யாண வீட்டில் எங்கள் இயற்பியல் பாடம் கேட்டது. "அச்சா ஹோ கயா மேடம். அகலே சால் பொட்டு பாஹர் லகாவ்" என்றார். அடுத்த வருஷம் பொட்டை வெளிப்பக்கம் வையுங்கள் என்று அர்த்தம். ஹவ் பாய், சத்தியமாக.

பதினொன்றரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெண்மணி, மதுரைப் பக்கத்துத் தமிழ், சிரிக்காத முகம். ஒவ்வொரு பேச்சாகப் போட்டார். தெலுங்கில் ஒரு கர்ப்பிணி, இந்தியில் ஒரு கண் நோயாளி, சுத்தமான தமிழில் ஒரு சர்க்கரை நோயாளி. நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை.

கடைசிப் பேச்சு ஓர் ஆண் குரல். வலியில் பேசுகிறவர், குரல் அடித் தொண்டையில் கிடக்கிறது. "நக்கோமா, நெஞ்சுல இல்ல. நெஞ்சுக்குக் கீழ, இந்த எடத்துல. நிலபடித்தே பர்வாலேது, உக்காந்தா ஜாஸ்தியா வலிக்குது. ஹவ், மாத்திரை போட்டேன். தோ தபா போட்டேன், தக்கலேது."

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை அது. என் அப்பா பேசியது அது. தினமும் என் வாயில் வந்து, பந்தியில் சிரிப்பு வாங்கி, இரண்டு பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று சொல்லப்பட்டது அதுதான். வலி நெஞ்சில் இல்லை, அதற்குக் கீழே. நின்றால் பரவாயில்லை, உட்கார்ந்தால் அதிகம். இரண்டு முறை மாத்திரை போட்டும் குறையவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார்.

"நிறைய பேருக்கு இதைப் போட்டுக் காட்டியாச்சு. பாதிலயே நிப்பாட்டிருவாங்க. எந்த மொழினே தெரியலைம்பாங்க. நீங்க எங்கம்மா படிச்சீங்க இதை?"

"எங்க வீட்ல மேடம்" என்றேன்.

"அடுத்த வாரம் சேர முடியுமா?" என்று கேட்டார்.

கதவைத் திறந்தேன். இருவரும் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார்கள். மகள் கையில் பிரஷ் இன்னும் இருந்தது, முழுக்கக் குங்குமம். நான் சொல்லச் சொல்ல அவள் குதித்தாள். கணவர் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாயசம் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தேன்.

"அந்தக் கடைசி ஆளு என்ற மாமனாராட்டமே பேசுனாரா?" என்று கேட்டார். வெளியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கிண்ணத்தைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றார்.

"நக்கோ" என்றேன்.

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, "ஹவ்" என்றார்.